கடுகுத் தலைப் புழு

தோட்டத்து வெள்ளைக்காரத் துரை, தம்புசாமிக்குத் தர வேண்டியது பதினெட்டு வெள்ளி நாற்பது காசு. துரையின் நாய்க்கு மாதா மாதம் வாங்குகிற இறைச்சிக்கு அதைவிடக் கூட ஆகும். ஆனால் தம்புசாமிக்கு அந்தக் காசுக்குள்ளேதான் அவன் பெண்டாட்டி வேலாயியின் கம்மல் கிடந்தது. ஜாசின் டவுன் அடகுக்கடையில் பதினாறு வெள்ளிக்கு வைத்தது, மிச்சம் வட்டி. மாதக் கடைசிக்குள் மீட்காவிட்டால் கம்மல் கடைக்காரனுக்குப் போய்விடும். கூலி என்று ஒரு காசும் அவன் அதில் சேர்க்கவில்லை. துரையிடம் கூலி கேட்க வாய் வரவில்லை. வாய் வராமல் போனதை நினைத்தால் தன் மேலேயே காறித் துப்ப வேண்டும் போலிருந்தது.

அவன் அந்தத் தோட்டத்தில், ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடுகிற ஸ்டோரில், தச்சு வேலை செய்தான். துரையின் சீமைத் தூண்டில் கம்பு ஜீப்புக் கதவில் மாட்டி ஒடிந்த அன்றைக்குப் பிடித்தது இந்தச் சனியன். ஒடிந்த கம்பைக் கொண்டுவந்து காட்டியவர், தோட்ட ஆபீசில் கணக்கெழுதுகிற கிராணி ரங்கசாமி. "நம்ம தம்புசாமி இதே மாதிரி கட்டிக் குடுத்துருவான் தொரை" என்று இவனைக் கேட்காமலே சொல்லிவிட்டும் வந்திருந்தார். பெரிய கிராணி வேலை காலியாகப் போகிறது, துரை மனம் வைத்தால் அது தனக்குத்தான் என்று கிராணிக்கு நினைப்பு.

துரை கேட்ட கம்பு சாதாரணக் கம்பு இல்லை. அவர் மண்புழு குத்தி மீன் பிடிக்கிறவர் அல்ல. தண்ணீருக்கடியில் கல்லுக்குக் கல் ஊர்கிற பூச்சிக் குஞ்சு மாதிரி, முள்ளில் நூலும் இறகும் சுற்றிப் பொய்ப் புழு செய்வார். அதை ஆற்றின் தரையோடு உருட்டிவிட வேண்டும். மீன் அதை வாயில் வாங்கும். பொய் என்று தெரிந்ததும் அடுத்த நொடி துப்பிவிடும். அந்த ஒரு நொடி கைக்குத் தெரிய வேண்டும். அதற்குக் கம்பு பத்தடி நீளம் வேண்டும், ஆனால் கனக்கக் கூடாது. நுனி நாடி பார்க்கிற விரல் போல இளகி இருக்க வேண்டும், அடி மட்டும் விறைப்பாக நிற்க வேண்டும்.

தம்புசாமி முற்றிய மூங்கிலாகப் பார்த்து வெட்டி, புகைக்கூண்டின் மேல்தட்டில் போட்டுக் காயவைத்தான். அதை ஆறு பட்டையாகப் பிளந்து, ஒவ்வொன்றையும் முக்கோணமாக இழைத்து, வஜ்ஜிரம் தடவி ஒட்டி நூலால் இறுக்கினான். நூல் ஓடுகிற வளையத்துக்கு முதலில், பால்மரத்தில் பால் பிடிக்கிற மங்கு மாட்டுகிற கம்பியையே வளைத்துப் போட்டான். கனம் தாங்காமல் நுனி தலையைத் தொங்கப் போட்டுவிட்டது. அதைப் பார்த்துத் துரை சிரித்த சிரிப்பு இருக்கிறதே, பல்லும் ஈறும் தெரிய! அதற்குப் பிறகுதான் கம்மல் கழன்றது. மலாக்கா டவுனுக்குப் போய் மயிர் போல மெல்லிய வளையம், பட்டு நூல், வார்னீஷ், கம்பின் இரண்டு துண்டையும் கோக்கிற பித்தளைக் குழல் என்று வாங்கி வந்தான். கைப்பிடிக்கு மட்டும் தக்கை வாங்கவில்லை. பங்களா குப்பையில் கிடந்த பிராந்திப் புட்டி மூடிகளைப் பொறுக்கி, துளை போட்டு, அடுக்கி ஒட்டி இழைத்தான். எத்தனை கழுவியும் நாற்றம் போகவில்லை. துரை மட்டும் மோந்து பார்த்துவிட்டு, "நல்ல வாசனை" என்றார்.

துரை தமிழ்ப் பரீட்சை தேறியவர். புத்தகத்தில் இருந்து எடுத்த மாதிரிப் பேசுவார்.

"கம்பு அழகாக இருக்கிறது. ஆனால் நான் அழகுக்குப் பணம் கொடுப்பதில்லை. மீன் வந்தால் பணம் வரும்."

மீன் வரவில்லை. ஞாயிறுக்கு ஞாயிறு, போலீசு மாத்தாக்காரன் இரண்டு பேர் துப்பாக்கியோடு காவல் நிற்க, முள்வேலிக்கு வெளியே கல்லாற்று மடுவில் துரை நின்றார். காட்டுக்குள் ஒளிந்து சண்டை போட்ட கம்யூனிஸ்டுகளுக்குப் பயந்து ஊரே வேலிக்குள் அடைபட்டுக் கிடந்த காலம் அது. துரைக்கு மட்டும் ஆறு வேண்டியிருந்தது.

வேலிக்குள் இருந்தவர்களுக்குச் சோறே பெரும்பாடு. அரிசி அளந்துதான் கிடைக்கும். பால்வெட்டுக்குப் போகிறவர்கள் ஒரு பிடி சோறு வெளியே கொண்டுபோகக் கூடாது, காட்டுக்காரனுக்குப் போய்விடுமாம். விடியலில் கேட்டில் வரிசையாக நிறுத்தி, பொம்பளைகளை ஒரு மாத்தாக்காரி தடவிப் பார்ப்பாள். வேலாயிக்கு வெறும் வயிற்றில் மரத்துக்கு மரம் நடந்தால் கண் இருட்டும். அதனால் வாளிக்கடியில் துணி சுற்றி ஒரு சின்ன டப்பாவில் புளிச்சோறு ஒளிப்பாள். பத்து தரத்தில் எட்டு தரம் அகப்பட்டுவிடும். மாத்தாக்காரி அதைக் கேட்டோரத்துப் பீப்பாயில் கொட்டி, டப்பாவைத் திருப்பித் தருவாள். பீப்பாய்ச் சோற்றைக் குழி வெட்டிப் புதைக்க வேண்டியது கிராணியின் பொறுப்பு.

"மண்ணு திங்குது என் சோத்த" என்பாள் வேலாயி.

மாதம் முடியப் பதினைந்து நாள் இருக்கையில் கம்புக்கு யோகம் அடித்தது. துரை நாலு தெங்காஸ் மீனோடு வந்தார். மறுவாரம் ஆளனுப்பித் தம்புசாமியைப் பங்களாவுக்குக் கூப்பிட்டார். வராந்தா மேசையில், தேத்தண்ணிக் கோப்பைக்குப் பக்கத்திலேயே, முழங்கை நீள மீன் ஒன்று கிடந்தது. கிராணி ரங்கசாமி கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

துரை சட்டைப்பையிலிருந்து நீளமான ஒல்லிக் கரண்டி ஒன்றை எடுத்தார். மீனின் வாயைப் பிளந்து, தொண்டை வழியாக அதை உள்ளே விட்டு, ஒரு திருகு திருகி வெளியே இழுத்தார். கரண்டி நிறையக் கொழகொழவென்று வந்ததைத் தேத்தண்ணிச் சாசரில் தட்டினார். தம்புசாமி முகத்தைத் திருப்பிக்கொண்டான். துரையோ அதன் மேல் மூக்கு இடிக்கக் குனிந்தார்.

"மீன் எதைத் தின்கிறதோ, அதைப் போல நான் புழு செய்ய வேண்டும். இது என்ன பூச்சி? வெள்ளை உடம்பு. கறுப்புத் தலை."

தம்புசாமி குனிந்து பார்த்தான். பாதி கரைந்த சோற்றுப் பருக்கை. பருக்கைக்குப் பருக்கை ஒட்டிக்கொண்டு, கரையாத கடுகு. ஓரத்தில் ஒரு சிவப்பு மிளகாய்த் தோல்.

புளிச்சோறு.

நிமிர்ந்தபோது கிராணியின் கண் அவன் மேலேயே இருந்தது. கிராணியின் நெற்றி வேர்த்திருந்தது.

"அது இந்த ஊரு புழுங்க தொரை" என்றார் கிராணி. "மழை வந்தா பாறைக்கடியில வரும். தலை கறுப்பா இருக்கும். தம்புசாமிக்கு நல்லாத் தெரியும்."

துரை இவன் பக்கம் திரும்பினார். "நீ சொல். புழுவா?"

தம்புசாமியின் கண்ணுக்கு வேலாயியின் வெறும் காது தெரிந்தது, துளை தூராமலிருக்க அவள் சொருகியிருந்த ஈர்க்குச்சியோடு.

"ஆமாங்க தொரை. புழுதான்."

சொன்ன வாயே கசந்தது.

"மிக நல்லது!" என்று துரை தொடையில் தட்டிக்கொண்டார். "நீ இதைப் போல ஆறு செய். வெள்ளைப் பட்டு, கறுப்பு வார்னீஷ். சனிக்கிழமை வந்து பணம் வாங்கு."

பங்களா வாசலைத் தாண்டியதும் தம்புசாமி கிராணியின் வழியை மறித்தான்.

"புதைக்க வேண்டிய சோத்த மடுவுல கொண்டு போயி கொட்டுறீங்களா, கிராணியாரே?"

"மெதுவாப் பேசு லா! ஓங் கம்புக்கு மீனு கடிக்கலன்னு நாந்தான தொரைகிட்ட வசவு வாங்குறேன்? நாலு நாளு சோறு போட்டுப் பழக்குனேன். மீனு கூடிருச்சு. ஒனக்குத்தான காசு வருது?"

"பொம்பளைங்க பட்டினியா பால் வெட்டுறாளுங்கய்யா."

"அப்ப போயிச் சொல்லு. வேலிக்கு வெளிய சோறுன்னா போலீசு என்ன கேக்கும்? மொதல்ல யாரு சோறுன்னு கேக்கும். தெனம் டப்பாவ ஒளிச்சு எடுத்துட்டுப் போறது யாரு பொண்டாட்டி?" கிராணி வேட்டியை உதறிக் கட்டினார். "புழுன்னு சொல்லிட்ட. புழுவாவே இருக்கட்டும்."

அந்த வாரம் முழுக்க, ஸ்டோர் வேலை முடிந்ததும், தம்புசாமி வெள்ளைப் பட்டு நூலை முள்ளில் சுற்றினான். தண்ணீருக்கடியில் அமிழ்வதற்குச் செம்புக்கம்பி ஒரு சுற்று, அதன் மேல் பட்டு, தலைக்கு வார்னீஷில் கரி குழைத்து ஒரு பொட்டு. அசல் சோற்றுப் பருக்கை. ஒவ்வொன்று முடியும்போதும் கையைத் துடைத்துக்கொண்டான். துடைத்தும் அருவருப்பு விடவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலமே ஆறையும் பங்களாவில் கொடுத்துவிட்டு வந்தான்.

சனிக்கிழமை துரை பணத்தை எண்ணிக் கொடுத்தார். பதினெட்டு வெள்ளி நாற்பது காசு, கூடவும் இல்லை குறையவும் இல்லை. ஞாயிறு வரை பொறுக்காமல், பொய்ப் பருக்கையில் அன்று காலையிலேயே பிடித்த மீனையும் தூக்கிக் கொடுத்தார். "நான் ஆற்று மீன் உண்பதில்லை. சேற்று நாற்றம். நீ கொண்டு போ."

லயத்து வீட்டில் வேலாயிக்கு மீனைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அரிவாள்மனையை எடுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"வேண்டாம் புள்ள. வெட்டாத. தூக்கிப் போட்டுரு."

"என்னாய்யா ஒனக்குக் கிறுக்கா? மீனக் கண்ணால பாத்து எத்தினி மாசம் ஆச்சு!"

சரக்கென்று வயிற்றைக் கீறினாள். உள்ளே இருந்தது அவள் விரலில் வழிந்தது. வேலாயி கையை மூக்கருகே கொண்டுபோனாள். நகத்தால் ஒரு கடுகை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

தம்புசாமி எல்லாவற்றையும் சொன்னான். கரண்டியை, சாசரை, கிராணி மிரட்டியதை. தான் புழு என்று சொன்னதைக் கடைசியில் சொன்னான்.

வேலாயி கையைச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள்.

"என் சோத்தப் புழுன்னியா நீ" என்றாள்.

பொழுது சாய்கிற நேரத்துக்குக் கிராணி ரங்கசாமி பல்லைக் காட்டிக்கொண்டு வந்தார்.

"தம்பு, யோகண்டா ஒனக்கு! தொரையோட கூட்டாளி செரம்பான்ல இருக்காரு, அவருக்கும் ஒரு கம்பு வேணுமாம். அஞ்சு வெள்ளி முன்பணம் இந்தா."

தம்புசாமி எழுந்திருக்கவில்லை. கைக்குள் இருந்த பதினெட்டு வெள்ளியை இன்னும் இறுக்கிக்கொண்டான்.

"அவரு கட்ட மாட்டாரு" என்றாள் வேலாயி. கீறிய மீனை அப்படியே தூக்கி வந்து, நீட்டியிருந்த கிராணியின் கையில், ஐந்து வெள்ளி நோட்டின் மேல் வைத்தாள். "நீங்க போட்ட சோறுங்க ஐயா. மிச்சம் வச்சிருக்கு. வீட்டுக்குக் கொண்டு போங்க."

கிராணியின் மணிக்கட்டு வழியே சோறு வழிந்தது. பக்கத்து வீட்டுப் பெரியநாயகி எட்டிப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் நாலு பேர் எட்டிப் பார்த்தார்கள். கிராணி மடுவில் கொட்டுகிறது யார் யார் சோறு என்று வேலாயி எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்.

ஞாயிறு காலை தம்புசாமி முதல் பஸ்ஸில் ஜாசினுக்குப் போய்க் கம்மலை மீட்டான். பணம் சரியாக இருந்தது. கடைக்காரன் சீட்டைக் கிழித்துக் குப்பையில் போட்டான்.

வேலாயி கம்மலை வாங்கியதும் போட்டுக்கொள்ளவில்லை. புளி போட்டுத் தேய்த்தாள். மோந்து பார்த்தாள். மறுபடி தேய்த்தாள். பிறகுதான் ஈர்க்குச்சியை எடுத்து எறிந்துவிட்டு மாட்டினாள்.

"வட்டியும் கட்டியாச்சுல்ல?"

"கட்டியாச்சு."

"அப்ப தொரைக்கும் நமக்கும் ஒண்ணுமில்ல."

திங்கட்கிழமை விடியலில் கேட்டில் மாத்தாக்காரி வேலாயியின் வாளிக்குள் கையை விட்டுத் துழாவினாள். ஒன்றும் இல்லை. அவள் காதைப் பார்த்து, "பாரு கா?" என்று கேட்டாள், புதுசா என்று.

"லாமா லா" என்றாள் வேலாயி. பழசுதான்.

அடுத்து நின்ற பெரியநாயகியின் வாளியிலும் ஒன்றும் இல்லை. அதற்கடுத்தவளிடமும் இல்லை. அன்றைக்கு ஒருத்தியும் சோறு கொண்டுவரவில்லை. காலிப் பீப்பாய்க்குள் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்ற கிராணியைத் தாண்டி, வெறும் வயிற்றோடு எல்லோரும் மரத்துக்குப் போனார்கள்.