பாலிஷ் வேண்டாத தொட்டில்

மரம் சம்மதித்தால்தான் பாலிஷ் ஒட்டும். எங்கள் தொட்டிலின் அயினி மரம் சம்மதிக்கவில்லை. தாணுலிங்கம் ஆசாரி மாலையில் பூசிவிட்டுப் போகிற பாலிஷைக் காலையில் அது தோல்போல உரித்து, நாலாக மடித்து, தன் காலடியில் வைத்திருக்கும். கான்வென்ட்டில் கர்ச்சீப் மடிக்க சிஸ்டர்கள் எத்தனை அடித்தும் எனக்கு வராத மடிப்பு அது.

பாலிஷ் இல்லாத பலகையில் சிலாம்பு இருக்கும், பிள்ளையின் தோலில் ஏறிவிடும். அதனால் மகளைக் கீழே விடாமல் நெஞ்சிலேயே போட்டுக்கொண்டிருந்தேன். அவள் பிறந்ததிலிருந்து நான் தூங்கவில்லை. நான் கண்ணை மூடினால் அவள் மூச்சுவிட மறந்துவிடுவாள் என்று பயம். நொடிக்கொருதரம் அவள் மூக்கின் கீழே விரல் வைத்துப் பார்ப்பேன்.

ஆசாரி உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். மரத்துக்குக் கூச்சம், சிரித்தது. வார்னிஷுக்கு மாறினார். அதையும் மடித்தது, இந்த முறை இஸ்திரி போட்டு.

“என் பொண்டாட்டிகூட இம்புட்டு முரண்டு பிடிச்சதில்ல” என்றபடி பலகையில் காதை வைத்தார். “பயப்படுது மக்ளே. பிள்ளையத் தாங்குத பொறுப்பு வேண்டாங்குது.”

“எனக்குந்தான் பயமா இருக்கு. நான் என்ன, பாலிஷை உரிச்சா போடுதேன்?”

“ஒனக்கு எவன் பாலிஷ் போட்டான்?”

“சிஸ்டருங்க. பன்னெண்டு வருஷம்.”

வழக்கப்படி முதலில் அம்மிக்குழவியைக் குளிப்பாட்டித் தொட்டிலில் கிடத்தினோம். பிள்ளைக்கு முன்னால் கல் படுத்தால் தொட்டிலுக்குப் பாரம் பழகும். ஒரு பாட்டுப் பாடி, உடனே எடுத்துவிட வேண்டும். எனக்குத் தெரிந்தது கான்வென்ட் பிரேயர் பாட்டு. அதைப் பாடினேன். ஆனால் பயத்தில், இன்னும் கொஞ்சம் பழகட்டும் என்று கல்லை எடுக்காமல் விட்டுவிட்டேன்.

முந்தின மாலை ஆசாரி பூசிய பாலிஷ் மறுநாள் ஒட்டியிருந்தது. முகம் பார்க்கலாம், அவ்வளவு பளபளப்பு. குழவியைத்தான் தொட்டில் தரவில்லை. என் கணவர் சுதன் இழுத்துப் பார்த்துவிட்டு, “மூத்தது ஆணா பொண்ணா?” என்று கேட்டார். இனி சட்னியை மிக்சியில் அரைத்துக்கொள் என்று சொல்லி ஆபீசுக்குப் போய்விட்டார்.

ஆசாரி மறுபடி காதை வைத்தார். “கல்லு தூங்குதாம், எழுப்பாதேங்குது. பயந்தவங்க யாராச்சும் இருந்தா பக்கத்துல படுக்கலாமாம்.”

“பிள்ளையவா?”

“பிள்ளைக்கு ஏது பயம்? நீ ஏறு.”

மகளை அவரிடம் கொடுத்துவிட்டு ஏறினேன். காலை மடக்கினால் இடம் சரியாக இருந்தது. குழவி குளிர்ச்சியாக முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஆசாரி மகளைப் பாயில் உட்காரவைத்துவிட்டு, உளியைத் துடைத்துப் பைக்குள் போட்டுக் கிளம்பினார். கழுத்து இன்னும் நிற்காத பிள்ளை. ஒரு கையால் தன் தலையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் தொட்டிலை ஆட்டினாள். பாடியது அதே பிரேயர் பாட்டுத்தான். சுருதி என்னைவிடச் சுத்தம்.

எனக்குக் கண் சொருகியது. நொடிக்கொருதரம் ஒரு சின்ன விரல் என் மூக்கின் கீழே வந்து, இருந்து பார்த்துவிட்டுப் போனது.