பெரிய மாப்பிள்ளையின் வண்டி

என் டாடா எஸ்டேட் காரைப் பழைய இரும்புக்கு எடுத்துப்போக லாரி பதினோரு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். டேவிட் ஒன்பதரைக்கே வந்துவிட்டான்.

"கப்பலைக் கடைசியா ஒரு தடவை பாத்துட்டுப் போலாம்னு வந்தேன், அண்ணா."

"பாரு. உன் சோப்பு டப்பா எங்க இருக்குன்னாவது தெரியுமா?"

"அதை வித்து பதினஞ்சு வருஷம் ஆச்சு. நல்லா இருக்கும்போதே வித்தேன். உங்களை மாதிரி அது கூடவே கெழமாகல."

டேவிட் என் சகலை. என் மனைவி ஆரோக்கியமேரியின் தங்கை ஆஞ்சலாவைக் கட்டியவன். என்னைவிட ஒன்பது வயது சின்னவன். நாங்கள் எல்லோரும் கோலார் தங்கவயல்காரர்கள். நான் பெங்களூரை அடுத்த பொம்மசந்திராவில் ஒரு பட்டறையில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றேன். வீடு பக்கத்திலேயே, சந்தாபுராவில். டேவிட் இருப்பது கே.ஆர். புரத்தில்.

எங்களுக்குள் பேச்சு என்றால் வண்டிப் பேச்சுதான். ஸ்டேஷன் வேகன் இந்த ஊரில் அதிகம் விற்கவில்லை. எங்கள் குடும்பத்தில் மட்டும் இரண்டு இருந்தன. என்னுடையது தொண்ணூற்றைந்தாம் வருடத்து எஸ்டேட், டீசல். அவனுடையது ஓப்பல் கோர்ஸா ஸ்விங், பெட்ரோல். என் வண்டியில் பின்சீட்டை மடக்கினால் ஆள் கால் நீட்டிப் படுக்கலாம். அவன் வண்டியில் முழங்காலை மடக்கிக்கொள்ள வேண்டும். அவன் வண்டி மேம்பாலத்தில் மூன்று லாரிகளைத் தாண்டும். என் வண்டி ஒரு லாரிக்குப் பின்னால் பொறுமையாகப் போகும். எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் மாப்பிள்ளை வீட்டாரை வாழ்த்தும் முன்பே இதை ஆரம்பித்துவிடுவோம்.

டேவிட் பின்கதவைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்தான்.

"இண்டிகோ மரீனா வந்தப்பவாவது மாத்தியிருக்கலாம். பார்க்கிங்காவது கிடைச்சிருக்கும்."

"மரீனாவுல நம்ம ஃபிரிட்ஜ் போகுமா?"

"போகும். படுக்க வைக்கலாம்."

அதைச் சொன்னதும் அவன் பின்கதவை மெதுவாக இறக்கினான்.

இரண்டாயிரத்து நான்கு, ஈஸ்டர் மதியம். தங்கவயலில் சாம்பியன் ரீஃப் பகுதியில் மாமியார் வீடு. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஃபிராங்க்ளின் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான். மேரிக்கும் ஆஞ்சலாவுக்கும் ஒரே தம்பி. முப்பத்துநான்கு வயது. பக்கத்துத் தெரு டாக்டர் வந்து பார்த்தார். உடனே பெங்களூர் கொண்டுபோங்கள் என்றார். ஆம்புலன்ஸ் வர ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். வாசலில் எங்கள் இரண்டு வண்டிகளும் நின்றன.

மேரி தம்பியின் தலையை மடியில் வைத்திருந்தாள். "டேவிட் வண்டியை எடுங்க, அது வேகமாப் போகும்" என்றாள்.

"படுக்க வைக்கணும். என் வண்டிதான் நீளம்" என்றேன்.

நான் பெரிய மாப்பிள்ளை. அந்த வீட்டில் கிறிஸ்துமஸ் கேக்கை வெட்டுவது நான். பந்தியில் முதல் இலை எனக்கு. மாமியார் டேவிட்டைப் பார்த்தார்.

"அண்ணன் வண்டியே சரி" என்றான் அவன்.

பெங்களூரை நெருங்கும்போது, ஹொஸ்கோட்டேக்கு மூன்று கிலோமீட்டர் முன்னால் ஃபிராங்க்ளின் இறந்துபோனான்.

மேரி அதன் பிறகு இந்த வண்டியில் ஏறவில்லை. காரணமும் சொன்னதில்லை. சர்ச்சுக்கு ஆட்டோ. ஓசூருக்கு பஸ். கேட்டால், "அதுல ஏறி இறங்க முட்டி வலிக்குது" என்பாள். பஸ் படி அதைவிட உயரம். எனக்கு வண்டியை விற்கவும் முடியவில்லை. விற்றால் தப்பை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தேன். இருபத்திரண்டு வருடம், பெரும்பாலும் தனியாக ஓட்டினேன்.

"டேவிட், ஒண்ணு கேக்கணும். இன்னைக்கு விட்டா அப்புறம் கேக்க மாட்டேன்."

"கேளுங்க."

"அன்னைக்கு உன் வண்டியில போயிருந்தா?"

வண்டியின் கூரையில் விழுந்திருந்த சருகுகளை அவன் தள்ளிவிட்டான். பிறகு சொன்னான்.

"என் வண்டியில பெட்ரோல் இல்ல, அண்ணா."

"என்ன?"

"காலையில பசங்களை ஏத்திக்கிட்டு சுரங்கத்து சயனைடு மண் மேட்டைச் சுத்தி ரவுண்டு அடிச்சேனே. ஏசி போட்டு, பத்து ரவுண்டு. ரிசர்வ் லைட் எரிஞ்சுது."

"சாப்பிடும்போது பாதி டேங்க் இருக்குன்னு சொன்ன."

"சொன்னேன். லிட்டருக்குப் பதினஞ்சுன்னு சொன்னேன். நீங்க சிரிச்சீங்க. பத்துகூடக் குடுக்காதுன்னீங்க. அதனால, பெங்களூர்லேர்ந்து வந்து ஊரைச் சுத்தியும் பாதி டேங்க் நிக்குதுன்னு சொன்னேன். அஞ்சு நிமிஷம்கூட ஆகல, அவன் சாஞ்சுட்டான்."

எனக்கு முதலில் வந்தது கணக்குதான்.

"லைட் எரிஞ்ச பிறகு நாப்பது கிலோமீட்டர் ஓடும்."

"தெரியும்."

"பங்காருப்பேட்டையில பங்க் இருக்கு."

"தெரியும் அண்ணா. பதினாலு கிலோமீட்டர். பெட்ரோல் போட்டுட்டுப் போயிருந்தாலும் இருபத்தஞ்சு நிமிஷம் முன்னாடி போயிருப்போம். எத்தனை தடவை கூட்டிப் பாத்திருக்கேன் தெரியுமா? ஆனா அந்த நேரத்துல, லைட் எரியுதுன்னு வாயைத் திறந்து சொல்ல வெக்கமா இருந்துது. எல்லாரும் நின்னாங்க. நீங்க நின்னீங்க. நீங்களே உங்க வண்டின்னு சொன்னதும், அப்பாடான்னு இருந்துது."

"இருபத்திரண்டு வருஷம் எனக்கு எப்படி இருந்துதுன்னு தெரியுமாடா உனக்கு?"

நான் அவனை 'டா' போட்டது அதுதான் முதல் தடவை. அவன் தலையை ஆட்டினான்.

"தெரியும். அக்கா பஸ்ஸுக்கு நிக்கிறதைப் பாத்திருக்கேன்."

லாரி வந்தது. பதினோரு மணிக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. டிரைவர் இறங்கி வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார்.

"சார், கொஞ்சம் பேகா, சீக்கிரம் ஆகட்டும். அத்திபெலேல இன்னொரு வண்டி தூக்கணும்."

டேவிட் செருப்பைக் கழற்றினான். "அக்காகிட்ட நான் சொல்றேன்" என்றான்.

வேண்டாம் என்று சொல்லவில்லை. அவன் சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தது.

"போ" என்றேன்.

உள்ளே மேரியின் குரல் கேட்டது. "என்ன டேவிட், வெளியிலயே நின்னு ரெண்டு பேரும் பழைய கதையா? டீ போடவா?"

"வேண்டாங்க்கா. கொஞ்சம் கேளுங்க."

நான் வண்டியில் சாய்ந்து நின்றேன். இன்னும் இரண்டு நிமிடத்தில் மேரிக்குத் தெரிந்துவிடும். தம்பியைக் கொண்டுபோக வேறு வண்டியே இல்லை என்று அவள் நினைத்துக்கொள்வாள். ரிசர்வில் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியாது. அவள் என்னைப் பார்க்கும் பார்வை மாறும். அதற்காகத்தான் இத்தனை வருடம் காத்திருந்தேன்.

டிரைவர் சாவிக்குக் கை நீட்டினார்.

அந்த மதியத்தை மறுபடி நினைத்துப் பார்த்தேன். மேரி வாயை மூடும் முன்பே நான் பின்கதவைத் திறந்துவிட்டிருந்தேன். சீட்டை மடக்கிவிட்டிருந்தேன். டேவிட்டைப் பார்த்தது மாமியார். நான் பார்க்கவில்லை. அவன் என் எதிரில் வந்து, என் டேங்க் நிறைய இருக்கிறது, என் வண்டியில் போகலாம் என்று சொல்லியிருந்தால்? அதற்கு இரண்டு மாதம் முன்பு ஒரு நிச்சயதார்த்தத்தில், பெண் வீட்டு வாசலை விட்டு என் வண்டிக்கு முன்னால் அவன் வண்டி கிளம்பியது. அதற்காக ஒரு மாதம் நான் அவனோடு பேசவில்லை.

"சார், சாவி."

"இருங்க. வரேன்."

உள்ளே போனேன். சமையலறை வாசலில் டேவிட் நின்றிருந்தான். அவன் பெட்ரோல் வரை வந்துவிட்டான் என்பது மேரியின் முகத்தில் தெரிந்தது. அவள் கையில் கரண்டி அப்படியே இருந்தது.

"மேரி" என்றேன். "அவன் டேங்க் நிறைய இருந்திருந்தாலும் நான் என் வண்டியைத்தான் எடுத்திருப்பேன்."

டேவிட் திரும்பினான். "அண்ணா, நீங்க எதுக்கு..."

"நீ சும்மா இரு."

வெளியே லாரிக்காரர் ஹாரன் அடித்தார். மேரி கொஞ்ச நேரம் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள். பிறகு அடுப்பை அணைத்தாள்.

"உக்காருங்க" என்றாள். "முதல்லேர்ந்து சொல்லுங்க."