வடத்தில் உட்கார்ந்தவள்

என் மனைவி மயிலாள் இறந்த பிறகு எனக்கு வீட்டுக்குள் இருப்புக் கொள்ளவில்லை. கோயமுத்தூர் வேலையை விட்டுவிட்டுச் சொந்த ஊரான நெருப்பெரிச்சலுக்கே வந்திருந்தேன். விடிந்ததும் புகையிலை போட்டிருந்த எங்கள் காட்டுக்குப் போய்விடுவேன். அங்கேயும் ஓரிடத்தில் நிற்க முடியாது. கிணற்றைச் சுற்றுவேன், வரப்பில் நடப்பேன், திரும்பி வருவேன்.

அந்த வருஷம் மழை இல்லை. கரண்ட் மோட்டார் எங்கள் பக்கம் இன்னும் வரவில்லை. கிணற்றில் எருது பூட்டிக் கவலை இறைத்துத்தான் புகையிலைக்குத் தண்ணீர். எங்கள் பண்ணயத்தில் வேலை செய்யும் மாதாரி ஆத்தப்பன் ஓட்டுவான். அவன் மனைவி கருப்பாத்தாள் மடை திருப்புவாள். ஆத்தப்பன் கால் முறிந்து படுத்துவிட்டான். மாதாரிகள் குடியிருந்த வளவில் மற்ற ஆண்கள் பனியன் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். வெளியூரிலிருந்து ஆள் வந்தால் ஆத்தப்பனுக்குக் கொடுத்த குடிசை அவனுக்குத்தான் என்றார் அப்பா. நானே ஓட்டுகிறேன் என்றாள் கருப்பாத்தாள்.

அப்பா ஒரு நிபந்தனை போட்டார். ஓட்டலாம், வடத்தில் உட்காரக் கூடாது. எருதுகள் வடக்கயிற்றை இழுத்துக்கொண்டு கிணற்றோரச் சரிவில் இறங்கும்போது ஓட்டுகிறவன் அதன் மேல் உட்கார்ந்துகொள்வான். அவன் பாரமும் சேர்ந்துதான் தண்ணீர் நிறைந்த சால் மேலே வரும். பெண் கால் அகட்டி வடத்தில் உட்கார்ந்தால் கிணறு வற்றிவிடும் என்பார்கள். அதிலும் வளவுப் பெண்.

சேலையைக் கச்சம் கட்டிக்கொண்டு எருதுகளோடு நடந்தே ஓட்டினாள். நடுவில் நிறுத்திவிட்டு ஓடிப்போய் மடையும் திருப்பினாள். சால் பாதியில் நின்று நின்று வந்தது. பக்கத்துக் காட்டுக் கிட்டுசாமி வந்து, மீசை எப்போது வைக்கப் போகிறாய் என்று கேட்டார்.

"மீச வெச்சா எருது வெரசா நடக்குமுங்களா, சாமி?"

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்திருக்கக் கூடாது என்று தோன்றியிருக்க வேண்டும், போய்விட்டார்.

உச்சிப்பொழுதாகியும் பாதிக் காடு நனையவில்லை. அப்பா அனுப்பர்பாளையம் போயிருந்தார். கருப்பாத்தாள் எருதுகளை நிறுத்தினாள்.

"சின்ன சாமி, இன்னிக்கு நனையலீன்னா பொட்டச்சிக்கு ஆகாதுன்னு எங்களத் தொரத்தீருவாருங்க. நான் உக்காரப் போறனுங்க."

அவள் அனுமதி கேட்கவில்லை. ஆனாலும் நான் தலையாட்டினேன்.

சாயங்காலம் அப்பா வந்தபோது காடு கடைசிவரை நனைந்திருந்தது. உட்கார்ந்தாளா என்று என்னிடம் கேட்டார். நான்தான் உட்காரச் சொன்னேன் என்றேன்.

"சின்ன சாமி சொல்லலீங்க. நானாத்தான் உக்காந்தனுங்க" என்றாள் கருப்பாத்தாள்.

என் முகம் எரிந்தது. பல மாதங்களாக எனக்கு எதுவுமே உறைத்ததில்லை.

விடிந்தால் குடிசையைக் காலி செய்துவிட வேண்டும் என்றார் அப்பா. அவள் எருதுகளை அவிழ்க்கப் போனாள்.

மறுநாள் நாங்கள் காட்டை நெருங்கும்போதே உருளை கிறீச்சிடும் சத்தம் கேட்டது. அப்பா எனக்கு முன்னால் வேகமாகப் போனார். கருப்பாத்தாள் பாதிச் சரிவில் வடத்தின் மேல் இருந்தாள். பண்ணயக்காரர் வந்தால் வளவுக்காரர்கள் எழுந்து ஒதுங்கி நிற்க வேண்டும். அவள் அசையவில்லை.

"எறங்கு" என்றார் அப்பா.

"சால் பாதீல நிக்குதுங்க, சாமி."

பாதிச் சரிவில் அவள் பாரம் சட்டென்று விலகினால் நிறைந்த சால் எருதுகளைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு கிணற்றுக்குள் போகும். அது அப்பாவுக்கும் தெரியும். காத்திருந்தார். சால் கொட்டியது. எருதுகளை மேலே கொண்டுபோய், அப்பா வாய் திறப்பதற்குள் மறுபடியும் உட்கார்ந்து இறங்கினாள். மறுபடியும் சால் பாதியில். மடை திருப்ப இன்று அவள் போகவில்லை. வாய்க்கால் நிரம்பி வரப்பைத் தாண்டியது.

அப்பா தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"என்னடா நிக்கற? தண்ணி கிட்டுசாமி காட்டுக்குப் போவுது. மடையத் திருப்பு."

கருப்பாத்தாளின் மண்வெட்டி வரப்பில் கிடந்தது. எடுத்துக்கொண்டு ஓடினேன்.