பெரியதம்பிக்குப் பேர் வைத்த கதை

லண்டனில் மிச்சம் என்கிற ஊரில், பெர்னடெற்றின் வீட்டில் இருந்த கதிர் அளக்கும் கருவி, பற்றரியைக் கழற்றிய பிறகும் சத்தம் போட்டது. எண்பத்தேழாம் ஆண்டு நடந்த காரியம். கழுத்துச் சுரப்பியில் வருத்தமென்று பெர்னடெற்றுக்கு ஆஸ்பத்திரியில் கதிரியக்க அயோடீன் குடிக்கக் கொடுத்திருந்தார்கள். உடம்பில் கதிர் அடங்கும்வரை கைக்குழந்தையைத் தூக்கக் கூடாது, கிட்டவும் போகக் கூடாது என்றார்கள். செல்வமலர் என்று ஞானஸ்நானம் பெற்று, குஞ்சு என்று வீட்டில் அழைக்கப்பட்ட அந்தப் பிள்ளையை அடுத்த தெருவில் மச்சாள் மேரிறோஸ் வைத்துப் பார்த்தாள். பெர்னடெற் பின்னேரங்களில் போய், அந்த வீட்டு யன்னலுக்கு வெளியே குடையோடு நிற்பாள். குஞ்சு கண்ணாடியில் கைவைத்துச் சிரிக்கும். இவள் வீடுவரை அழுதுகொண்டு வருவாள்.

புருஷன் யாக்கோப்புக்கு அதே ஆஸ்பத்திரி ஸ்டோரில் வேலை. கழித்துப் போட்ட பழைய கருவிகளில் ஒன்றை, கேட்டுத்தான், கொண்டுவந்தான். சாம்பல் நிறத் தகரப் பெட்டி, மேலே மரக் கைபிடி, வயிற்றில் ஒரு முள். கதிர் குறைவதை மனிசி தானே பார்த்துத் தேறட்டும் என்ற நல்லெண்ணம்தான், பாவம். அன்று தொடக்கம் அவளைக் கண்டால் அது டிக் டிக் என்றது. நாள் போக, டொக்டர் புதுக் கருவியால் சோதித்து, ஒன்றும் இல்லை, பிள்ளையைத் தூக்கலாம் என்றார். வீட்டில் இருந்தது ஒத்துக்கொள்ளவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் அல்லவா, அவள் டொக்டரை விட்டுத் தகரத்தை நம்பினாள். தொட்டால் பிள்ளை செத்துப்போகும் என்று பயந்தாள்.

குஞ்சின் சட்டையை மடித்தால் அது மூச்சுவிடாமல் அடித்தது. யாக்கோப்பு பற்றரியைக் கழற்றிப் பார்த்தான். தோட்டத்துக் கொட்டிலில் வைத்துப் பூட்டினான். விடியப் பார்த்தால் அது குசினிக் கதிரையில் ஏறி உட்கார்ந்திருந்தது. பங்குச் சுவாமி வந்து தீர்த்தம் தெளித்தார். அது ஒருதரம் தும்மிவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடங்கியது. சுவாமி தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்.

ஒருநாள் குஞ்சின் உடுப்பு எடுக்க வந்த மேரிறோஸ் வாசலில் நின்றபடியே கொஞ்சநேரம் காதுகொடுத்தாள். நாலு பிள்ளை வளர்த்தவள். இதற்கு வீட்டுப்பேர் என்ன என்று கேட்டாள். பேர் இல்லை, அடியில் ஒரு நம்பர் அடித்திருக்கிறது என்றான் யாக்கோப்பு.

"நாய்க்கும் பேர் வைக்கிற ஆக்கள் நாங்கள். நாள் முழுக்கக் குஞ்சு, குஞ்சு எண்டால், வயசுக்கு மூத்தது சிணுங்காமல் என்ன செய்யும்?"

பெர்னடெற் அதுவரை அதைத் தொட்டதே இல்லை. கைபிடியில் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"பெரியதம்பி," என்றாள். "அம்மா உன்னை விட்டிட்டுப் போகேல்லையடா."

சத்தம் நின்றது. குசினியில் பிறிட்ஜ் இரைவது கேட்டது.

மூவரும் குளிர்க்கோட்டுகளைக் கொளுவிக்கொண்டு, பெரியதம்பியையும் தூக்கிக்கொண்டு மேரிறோஸ் வீட்டுக்கு நடந்தார்கள். பெர்னடெற் பிள்ளையை வாரித் தூக்கினாள். குஞ்சு தாயை முதலில் முழித்துப் பார்த்தது. பிறகு காதைப் பிடித்து இழுத்து, தோளில் வாயை வைத்துக்கொண்டது. பெர்னடெற் வாய்விட்டு அழுதாள். அப்பாடா என்று யாக்கோப்பு படிக்கட்டில் இருந்துவிட்டான். பெரியதம்பி சப்பாத்துகளுக்குப் பக்கத்தில் பேசாமல் இருந்தான்.

அடுத்த கிழமை ஆஸ்பத்திரி ஸ்டோரில் மற்றக் கருவிகளும் கத்தத் தொடங்கின. இந்தச் செய்தி எப்படிப் போனதோ! யாக்கோப்பு ஒவ்வொன்றுக்கும் பேர் வைத்தான்: சிணுங்கி, குண்டன், வாயாடி, பொன்னு. வெள்ளைக்கார விஞ்ஞானிகள் நாக்கைச் சுளுக்கிக்கொண்டு அப்படியே கூப்பிட்டார்கள், கருவிகளும் அடங்கின. ஆதிகாலக் கதிர் அளக்கும் கருவிகளுக்குப் பட்டப்பேர் வந்தது எப்படி என்று மிச்சத்தில் கேட்டால் இதைத்தான் சொல்வார்கள். அமெரிக்காவில், அணுகுண்டு செய்த காலத்திலேயே தாங்கள் வைத்த பேர்கள் என்று வேறு கதை சொல்கிறார்களாம், சொல்லட்டும்.

தொண்ணூற்றைந்தில் குஞ்சுக்கு முதல் நன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். கோயில் வாசலில் குடும்பப் படம் எடுக்கும்போது, பெர்னடெற்றின் மடியில் கிடக்கும் பெட்டியை இறக்கி வைக்கச் சொன்னார் படக்காரர். வெள்ளைச் சட்டையோடு நின்ற குஞ்சு அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"அது பெட்டி இல்லை, அங்கிள். அண்ணை."

படக்காரர் மன்னிப்புக் கேட்டு, அண்ணையைக் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பச் சொன்னார்.