உச்சந்தலையில் ஒரு ஜன்னல்

ஜன்னல் வைத்த சிப் விற்பனைக்கு வந்த வாரத்தில், அதற்கு நிரல் எழுதியவரின் உச்சந்தலையிலும் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு கண்ணாடி ஜன்னல் இருப்பதை முடிதிருத்துபவர் கண்டார். கத்தரிக்கோல் அவர் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. “சார், உங்க தலையில ஜன்னல் இருக்கு” என்றார். நிரல் எழுதுபவர் பின்னால் ஒரு கண்ணாடியைப் பிடிக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். “சரி, அந்த இடத்துல கொஞ்சம் முடி விட்டு வெட்டுங்க” என்றார். பெஞ்சில் காத்திருந்தவர்கள் பாதி படித்த செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு எழுந்து போனார்கள். மாலையில் மருத்துவர் டார்ச் அடித்து உள்ளே பார்த்தார். சாம்பல் நிறத்தில் ஒரு சதுரம் இருந்தது. அதன் ஓரமெல்லாம் முடியைவிட மெல்லிய தங்கக் கம்பிகள். மருத்துவர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார், ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார், வெளியே போகும்போது தொப்பி போட்டுக்கொள்ளும்படி எழுதிக் கொடுத்தார்.

அந்த ஜன்னல் எப்படி வந்தது என்பதற்கு அவர் வேலை செய்த சிப் தொழிற்சாலையின் கதையைச் சொல்ல வேண்டும். அதற்கு முன்பெல்லாம் ஒரு இயந்திரத்துக்குச் சின்னதாக ஒரு மூளை வைக்க வேண்டுமென்றால் பல சிப்கள் வேண்டும்: கணக்குப் போட ஒன்று, நினைவில் வைக்க ஒன்று, வெளியே பேச இன்னொன்று. எதையும் வீணாக்காததால் ‘சிக்கனம்’ என்று பெயர் வாங்கியிருந்த மேலாளர் ஒருநாள் எல்லோரையும் கூப்பிட்டு, “இனிமே எல்லாரும் ஒரே வீட்டுல இருக்கணும். இடிச்சுக்கிட்டாலும் சரி, மிதிச்சுக்கிட்டாலும் சரி” என்றார். சிரிப்பதா அழுவதா என்று யாருக்கும் தெரியவில்லை. ஆனால் எல்லாம் ஒரே சிப்புக்குள் அடங்கிய அந்த வீடு கட்டப்பட்டது. அதன் வரைபடத்தை மேசை அகலச் சிவப்புப் படலத்தில் கத்தியால் கீறி எடுத்தவள் நிரல் எழுதுபவரின் மனைவி. அவள் ஒரு கோட்டை நகர்த்தினால், அந்த இடுக்கில் இன்னும் நாலு வார்த்தையைத் திணிக்க முடியுமா என்று அவர் பார்ப்பார். வீட்டில் பேசிக்கொள்ளாத நாட்களிலும் அவர்கள் அந்தச் சிப்புக்குள் பேசிக்கொண்டார்கள்.

அந்தச் சிப் குடும்பத்தில் மூத்ததற்கு நிரல் பிறக்கும்போதே உள்ளே பதிந்துவிடும், மாற்ற முடியாது. முதல் ஆயிரம் துணி துவைக்கும் இயந்திரங்களுக்குப் போனது. நிரலில் ஒரு எழுத்து பிசகியிருந்தது. ஆயிரம் வீடுகளில் இயந்திரங்கள் தண்ணீரை வெளியேற்றாமல், நடுச் சுழற்சியில் கதவைத் திறந்துவிட்டன. கூடத்தில் மிதந்த செருப்பை ஜனங்கள் துரத்திப் பிடித்தார்கள். ஆயிரம் சிப்களும் குப்பைக்குப் போயின. அதன் பிறகுதான் இரண்டாவது பிறந்தது. அதன் முதுகில் ஒரு கண்ணாடி ஜன்னல்; ஊதா விளக்கின் கீழே கொஞ்ச நேரம் வைத்தால் எழுதியதெல்லாம் மறந்துபோகும், திரும்ப எழுதலாம். வெயில் பட்டாலும் மெல்ல மெல்ல மறக்கும் என்பதால் ஜன்னல்மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். அது விற்பனைக்கு வருமுன் அழித்து எழுதிச் சோதித்த காலமெல்லாம், அந்த ஊதா விளக்குக்குப் பக்கத்திலேயே நிரல் எழுதுபவர் வருஷக்கணக்கில் குனிந்து உட்கார்ந்திருந்தார். எல்லோரும் கிளம்பிய பிறகும் உட்கார்ந்திருப்பார். வீட்டுக்குப் போவதைவிட அது அவருக்குச் சுலபமாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் தொப்பி இல்லாமல் மாடியேறி, சாய்ந்துபோன ஆண்டெனாவை நிமிர்த்தினார். வேலை இழுத்துக்கொண்டே போனது, வெயில் சுட்டெரித்தது. இறங்கி வந்து சமையலறை வாசலில் நின்று, மனைவியைப் பார்த்து மரியாதையாக, “நீங்க யாருங்க?” என்று கேட்டார்.

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. கேள்வியைவிட அந்த ‘நீங்க’தான் அவளை நிலைகுலைய வைத்தது. கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளை ‘நீ’ என்றே அழைத்தவர். சத்தம் கேட்டு ஓடிவந்த மகளிடம் அவர் குனிந்து, “பாப்பா, உங்க அப்பா வீட்டுல இல்லையா?” என்றார். மகள் அவர் முகத்தையும் அம்மா முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள். கூட்டல் கழித்தல் அவருக்கு வந்தது, செருப்பு மாட்டத் தெரிந்தது. மற்றதெல்லாம் வெள்ளையாக இருந்தது.

செய்தி கேட்டு வந்த சிக்கனம், தன் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு சோபாவில் விழுந்தார். கொஞ்சம் தெளிந்ததும் தொழில்காரரானார். “பயப்படாதம்மா. அழிஞ்சா எழுதிக்கலாம், அதுக்குத்தானே ஜன்னலே வெச்சோம். பக்கத்துல உக்காந்து சொல்லு, பதியும். ஆனா இடம் கம்மி. சுருக்கமா சொல்லு. லிஃப்ட் நிரல் பாதியில நிக்குது, முதல்ல அத நான் சொல்லிடறேன்.”

“முதல்ல நான்” என்றாள் அவள். சிக்கனம் எழுந்து நின்றே விட்டார். அவரை யாரும் அப்படிக் காத்திருக்க வைத்ததில்லை.

அவள் அவர் அருகே உட்கார்ந்து சொல்லத் தொடங்கினாள். சொல்லச் சொல்ல அது அவருக்கு நடந்ததாகவே மாறியது. அவருடைய பெற்றோர், படித்த பள்ளி, அவளைப் பெண் பார்க்க வந்தபோது அவர் காபியைச் சட்டையில் கொட்டிக்கொண்டது, எல்லாம் ஒரே தடவையில் பதிந்தன. கல்யாணம் வரை வந்து அவள் நிறுத்தினாள். அடுத்துச் சொல்ல வேண்டியது முதல் குழந்தை. பையன். பிறந்து சில நாட்களில் போய்விட்டான். அதற்குப் பிறகு அந்த மனிதர் பின்கட்டில் அவனுக்காக ஒதுக்கியிருந்த சின்ன அறைக்குள் காலெடுத்து வைத்ததில்லை, வீட்டில் சிரித்ததில்லை. அவள் ஒரு மூச்சு இழுத்துவிட்டு, “அப்புறம் நமக்கு ஒரு பொண்ணு பிறந்தா” என்றாள்.

இரண்டொரு நாளில் அவர் அவளை மறுபடி ‘நீ’ என்றார். லிஃப்ட் நிரலையும் முடித்தார். ஆனால் வீட்டில் இருந்தவர் பழைய ஆள் இல்லை. விசிலடித்துக்கொண்டே பல் தேய்த்தார். மகளை முதுகில் ஏற்றிக் கூடத்தைச் சுற்றினார். புது மாப்பிள்ளை மாதிரி இருக்கிறார் என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் மலைத்தார்கள். ஒருநாள் அவர் ரேடியோவைத் தூக்கிக்கொண்டு அந்தச் சின்ன அறைக்குள் போனார், பாட்டு வைத்தார். மனைவி கழுவிக்கொண்டிருந்த தட்டை அப்படியே பிடித்தபடி நின்றாள், குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் சந்தோஷமாக இருக்க வேண்டும் என்றுதான் அப்படிச் செய்தாள். அந்தச் சந்தோஷம் தன்னை இப்படி அறையும் என்று அவள் நினைக்கவில்லை. இப்போது அந்தப் பையன் இருந்தான் என்பதை அறிந்தவள் அந்த வீட்டில் அவள் ஒருத்திதான்.

ஆனால் எந்த வார்த்தை எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரியாமல் விடுகிற ஆள் இல்லை அவர். அன்று மதியச் சாப்பாட்டின்போது கையில் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தார்.

“நமக்குக் கல்யாணம் ஆனதுக்கும் பாப்பா பிறந்ததுக்கும் நடுவுல ஒரு இடம் காலியா இருக்கு. எதுவுமே எழுதல. அங்க என்ன இருந்துச்சு?”

“ஒண்ணுமில்ல. சாப்பிடுங்க.”

“ஒண்ணுமில்லாத இடத்துக்கு இவ்வளவு பெருசா விட மாட்டியே நீ. ஒரு கோட்டுக்கே சண்டை போடுறவ.”

அவள் சொன்னாள். மருத்துவமனை, துணியில் சுற்றிக் கொடுத்தது, பேர் வைப்பதற்குள் போய்விட்டது, ஒன்றையும் விடாமல் சொன்னாள். அவர் முகத்தில் அது வரி வரியாகப் பதிவதை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். மாடியிலிருந்து இறங்கிவந்த அன்றுகூட அவர் இப்படி வெளிறிப்போகவில்லை.

“இத ஏன் நீ தனியா வெச்சிருந்த?”

“உங்களுக்காவது வலிக்காம இருக்கட்டும்னு.”

அவர் எழுந்து போய் ரேடியோவை அணைத்தார். சின்ன அறையின் தரையில் உட்கார்ந்தார். அவளும் போய் எதிரே உட்கார்ந்தாள். “யாரு மாதிரி இருந்தான்?” என்று கேட்டார்.

“காது மட்டும் உங்க காது.”

அவர் தன் காதைத் தொட்டுப் பார்த்தார். பிறகு குலுங்கி அழுதார். முதல் தடவை அவர் அழவில்லை, தொழிற்சாலைக்குப் போய்விட்டார். அது அவளுக்கு நினைவிருந்தது.

குடும்பத்தில் மூன்றாவது சிப் அந்த வருஷக் கடைசியில் வந்தது. உள்ளே அதே சிப்தான், ஆனால் ஜன்னல் கிடையாது. கறுப்பு பிளாஸ்டிக்கில் முழுக்க மூடியிருக்கும். ஒரே ஒரு தடவை எழுதலாம், பிறகு எந்த வெளிச்சமும் அதைத் தொடாது. விலை குறைவு என்பதால் உலகமே அதை வாங்கியது. நிரல் எழுதுபவர் சிக்கனத்தின் அறைக்குப் போய், தன்னுடையதையும் அப்படி மூடிவிடச் சொன்னார். சிக்கனம் பதறிப்போனார்.

“மூடிட்டா அப்புறம் அழிக்கவே முடியாதுய்யா! வேண்டாததும் உள்ளேயே கிடக்கும்.”

“கிடக்கட்டும் சார்.”

சிப்களுக்கு உறை போடும் பிரிவில் இருந்தவர் அவரை ஸ்டூலில் உட்கார வைத்தார். பிளாஸ்டிக்கை இளஞ்சூட்டில் ஊற்றி, விளிம்பை விரலால் வழித்து, ஆறும்வரை விசிறினார். பழக்க தோஷத்தில் சிப்பின்மேல் எண் குத்தும் அச்சை எடுத்தவரின் கையைப் பக்கத்தில் நின்ற மனைவி பிடித்துக்கொண்டாள். மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் சிரித்தது நிரல் எழுதுபவர்தான்.

அடுத்த ஞாயிறு அவர்கள் மகளை அழைத்துக்கொண்டு இடுகாட்டுக்கு நடந்தார்கள். சுவரோரமாகப் பேரில்லாத ஒரு சின்னக் கல் இருந்தது. “பாப்பா, உனக்கு முன்னாடி பிறந்தவன் இங்கதான் இருக்கான்” என்றாள் அம்மா. மகள் கல்லைப் பார்த்தாள், இருவர் முகத்தையும் பார்த்தாள்.

“எனக்கு அண்ணன் இருந்தானா?” என்று கேட்டாள்.

“இருந்தான்” என்றார் அவர். வெறுந்தலையோடு தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, கல்லைச் சுற்றியிருந்த புல்லைப் பிடுங்க ஆரம்பித்தார். மகள் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து பிடுங்கினாள். உச்சி வெயில் ஏறியது. யாரும் அவரை நிழலுக்கு வரச் சொல்லவில்லை.