பதினாறு அங்குலம்

பல் டாக்டரின் வீட்டிலிருந்து கிளினிக் நாலு கிலோமீட்டர். வழி முழுக்கத் தார் ரோடு, நடுவில் ரெண்டு சிக்னல், ஒரே ஒரு வேகத்தடை. அந்த வேகத்தடையும் தேய்ந்து போய், மனசு வைத்துப் பார்த்தால்தான் கண்ணுக்குத் தெரியும். இந்தப் பாதையைக் கடக்கத்தான் மனிதர் நாலு சக்கரமும் இழுக்கிற ஒரு பிக்கப் டிரக்கை வாங்கி நிறுத்தியிருந்தார். வாங்கியதோடு விட்டாரா என்றால், அதுதான் இல்லை.

'சேற்றுச் சிங்கங்கள்' என்று ஒரு வாட்ஸ்அப் குழு. ஆறு பேர். சிங்கங்கள் சரி, சேறு என்பது எந்த வண்டியிலும் மருந்துக்குக்கூடக் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஷாம்பு போட்டுக் கழுவிவிடுவார்கள். தலைவருக்குப் பட்டம் கேப்டன், தொழில் டைல்ஸ் கடை. ஒரு தடவை ஆற்றங்கரையில் வண்டியை இறக்கி, மாட்டிக்கொண்டு, டிராக்டர் கட்டி இழுத்து வெளியே வந்தவர். அந்த அனுபவம் வேறு யாருக்கும் வாய்க்காததால் அவர் வைத்ததே சட்டம்.

மூன்று மாதமாகக் குழுவில் ஒரே விவாதம். டாக்டரின் வண்டிக்கு முப்பத்துமூன்று அங்குல டயரா, முப்பத்தைந்தா? அந்த டயர் உள்ளே இடிக்காமல் சுழல வண்டியின் உடம்பை ரெண்டு அங்குலம் தூக்குவதா, நாலா? நாலு தூக்கினால் கிளினிக் வாசல் போர்டு கூரையில் உரசும். முப்பத்தைந்து போட்டால் பிரேக் லேட்டாகப் பிடிக்கும், பெட்ரோல் தண்ணீராய்ப் போகும். நோயாளியின் வாயில் ஒரு மில்லிமீட்டர் தப்பினால் துடித்துப் போகிற டாக்டர், இந்த அங்குலங்களில் ராத்தூக்கம் தொலைத்தார்.

"முப்பத்துமூணெல்லாம் காய்கறி வாங்கப் போற வண்டிக்குத்தான் டாக்டர்" என்று கேப்டன் ஆடியோ அனுப்பினார்.

அதைக் கேட்டுக்கொண்டே போன மனைவி, கையிலிருந்த பையைக் கீழே வைத்தாள். "காய்கறிய இத்தனை நாளா நான்தான் நடந்து போய்த் தூக்கிட்டு வரேன். அதையும் சேர்த்துச் சொல்லுங்க உங்க கேப்டன்கிட்ட."

டாக்டர் ஆடியோவை நிறுத்தினார்.

மனைவிக்கு அந்த வண்டியின் டயரும் முக்கியமில்லை, டிக்கியும் முக்கியமில்லை. அவள் கவலையெல்லாம் மாமனாரைப் பற்றி. டாக்டரின் அப்பாவுக்கு எட்டு மாதம் முன்னால் பக்கவாதம் வந்து, வலது காலும் பேச்சும் பாதியாகிவிட்டன. சொல் வரும், வர நேரம் ஆகும். திங்கள், புதன், வெள்ளி காலையில் பிசியோதெரபி. அங்கே மரப் படிகளை அடுக்கி வைத்து ஏறச் சொல்வார்கள். நாலு அங்குலத்தில் ஆரம்பித்தவர் இப்போது பதினாறு அங்குலம் ஏறுகிறார். அதற்கு மேல் ஒரு நூல்கூட முடியாது. வாரத்தில் அந்த மூன்று நாள்தான் பெரியவர் சட்டைக்கு எல்லாப் பொத்தானும் போடுவார். மகனுக்குப் பக்கத்தில் முன் சீட்டில் உட்கார்ந்து, எதிரே வரும் லாரிகளைப் பார்த்து, "பன்... னிரண்டு டன்" என்பார். முப்பது வருஷம் எடைமேடையில் லாரிகளை நிறுத்தி எடை போட்டவர் ஆயிற்றே.

"நீங்க வானம் வரைக்கும்கூட ஏத்துங்க" என்றாள் மனைவி. "மாமா கால் வைக்கிற படி மட்டும் பதினாறு அங்குலத்தைத் தாண்டக் கூடாது. தாண்டுச்சு, அப்புறம் நான் பேச மாட்டேன், செஞ்சு காட்டுவேன்."

டாக்டருக்கு அப்பா மேல் உயிர். பொய்யில்லை. பதினாறு என்று ஒரு தாளில் பெரிதாக எழுதிப் படம் பிடித்துக் குழுவில் போட்டார். சிங்கங்கள் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தன: முப்பத்துமூன்று டயர், ரெண்டரை அங்குல லிஃப்ட், பக்கவாட்டில் தாழ்வாக ஒரு இரும்புப் படி. படியைப் பதினாறில் வைத்து வெல்டிங் அடித்துவிட்டால் எல்லோருக்கும் திருப்தி.

ஞாயிறு காலை வீட்டு வாசலில் அளவு எடுத்தார்கள். குழுவுக்கென்று ஒரு சட்டம் உண்டு: எந்த அளவும் பயணத்துக்குக் கிளம்புகிற கோலத்தில்தான் எடுக்க வேண்டும். எனவே தண்ணீர் கேன்கள் ஏறின. மணல் மூட்டைகள் ஏறின. உபரி டயர் ரெண்டு, உறை பிரிக்காத கூடாரம் ஒன்று, கடைசியாகச் சிங்கங்கள் ஐந்தும் ஏறி உட்கார்ந்தன. அதிலும் பேக்கரி முதலாளி ஒருவரே ரெண்டு மூட்டைக்குச் சமம். வண்டி ஓசையில்லாமல் கீழே அமிழ்ந்தது.

அடியில் படுத்திருந்த மெக்கானிக் தலையை நீட்டினார். "சார், காலியாவும் ஒரு தடவ அளந்துரலாமா?"

"காலி வண்டிய அளக்கிறவன் கத்துக்குட்டி, பாஸ்" என்றார் கேப்டன். "நீங்க வெல்டிங்க பாருங்க."

வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த பெரியவர் கையைத் தூக்கினார். "எல்... எல்லாரும்..."

"சொல்லுங்கப்பா" என்று பேக்கரி முதலாளி திரும்பினார். முழுசாக ஒன்றரை வினாடி காத்திருந்தார். பிறகு டேப்பைப் பிடிக்கப் போய்விட்டார்.

"இற... இறங்..."

"அப்பா, கொஞ்சம் இருங்க, உங்களுக்காகத்தான் அளந்துட்டிருக்கோம்" என்றார் டாக்டர், டேப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே. ஒரு லாரியைச் சரக்கோடு ஒரு தடவை, காலியாக ஒரு தடவை எடை போடாமல் வெளியே விடாத மனுஷன் அந்த வாசலில் ஒருத்தர்தான் இருந்தார். அவரைத்தான் கொஞ்சம் இருக்கச் சொன்னார்கள். பெரியவர் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

டேப் பதினாறு காட்டியது. சுத்தமான பதினாறு. கைதட்டினார்கள், படம் எடுத்தார்கள், வெல்டிங் தீப்பொறி பறந்தது. பிறகு சிங்கங்கள் இறங்கின, மூட்டைகளை இறக்கின. வண்டி அப்பாடா என்று மேலே எழுந்ததை யாரும் பார்க்கவில்லை, எல்லோரும் குழுவில் படம் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

திங்கட்கிழமை காலை பெரியவர் காலைத் தூக்கினார். செருப்பு நுனி படியின் விளிம்பில் இடித்துக் கீழே வந்தது. மறுபடி தூக்கினார், மறுபடி இடித்தது. டாக்டர் ஓடிப்போய் டேப் கொண்டுவந்தார். பதினெட்டே கால்.

மனைவி டேப்பை வாங்கிச் சுருட்டி அவர் கையிலேயே திருப்பி வைத்தாள். அவள் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

ஒரு முக்காலி போட்டுப் பார்த்தார்கள். அது ஆடி, பெரியவர் கதவின் கைப்பிடியில் தொங்கி, டாக்டர் இடுப்பைப் பிடித்து நிறுத்துவதற்குள் மூன்று பேருக்கும் உயிர் போய் உயிர் வந்தது. அன்றைக்கும் புதன்கிழமையும் பிசியோதெரபி போச்சு.

"படியை இன்னும் இறக்கிரலாமா?" என்று டாக்டர் குழுவில் கேட்டார்.

"பாறையில இடிச்சுப் பிச்சுக்கும்" என்றார் கேப்டன்.

எந்தப் பாறை என்று டாக்டர் கேட்டிருக்கலாம். கேட்க வெட்கம். மணல் மூட்டையை வண்டியிலேயே வைத்துக்கொள்ளலாமே என்றதற்கு, ஸ்பிரிங் தொய்ந்துவிடும், மைலேஜ் போய்விடும் என்று ஆடிட்டர் சிங்கம் கணக்குப் போட்டு அனுப்பியது. கடைசியில் கேப்டனே வழி சொன்னார்: "நாங்க எதுக்கு இருக்கோம்? காலைல வந்து ஏறி உக்காந்துக்கறோம். வண்டி தணியும், அப்பா ஏறட்டும்."

வெள்ளிக்கிழமை ஐந்து சிங்கங்களும் மூட்டைகளோடு ஏறி உட்கார்ந்தன. வண்டி தணிந்தது. பெரியவர் ஏறினார். திரும்பி வரும்போதும் ஏற வேண்டுமே, அதனால் அவர்களும் கூடவே போனார்கள். சேற்றுச் சிங்கங்களின் முதல் பயணம் அதுதான். பெரிய பூட்ஸும் தொப்பியுமாகப் பிசியோதெரபி வாசல் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்து, "பேஷன்ட் யாருங்க?" என்று நர்ஸ் கேட்டாள்.

திங்கட்கிழமை மூன்று பேர்தான் வந்தார்கள். வண்டி முக்கால் அங்குலம் குறைவாகத்தான் தணிந்தது. மெதுவாகத் தூக்கி ஏற்றிவிட்டார்கள். புதன்கிழமை பேக்கரி முதலாளி மட்டும் வந்தார், அவரும் கடையில் அடுப்பு எரிகிறது என்று பாதியில் ஓடினார். பெரியவர் வாசலில் நின்று வண்டியைப் பார்த்தார், மகனைப் பார்த்தார்.

"இனி... வேண்டாம். எனக்குச்... சரி... யாயிடுச்சு" என்றார். உள்ளே போய்ச் சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தார்.

"ஞாயித்துக்கிழமை படிய மாத்திடறேம்ப்பா" என்று டாக்டர் பின்னாலேயே போனார். "இந்த ஞாயிறு கேப்டன் ஊர்ல இல்ல. அடுத்த ஞாயிறு."

மனைவி போனை எடுத்து ஆட்டோவுக்குச் சொன்னாள். பிறகு மாமனாரிடம் போய்ப் பொத்தான்களைத் திரும்பப் போட்டுவிட்டாள்.

ஆட்டோவின் தரை ஒரு அடிகூட இல்லை. பெரியவர் யார் கையையும் பிடிக்காமல் ஏறிக்கொண்டார், மனைவி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். டாக்டர் குற்றவாளி மாதிரி டிரக்கில் பின்னாலேயே போனார். முதல் சிக்னலில் ரெண்டு வண்டியும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. அத்தனை உயரத்திலிருந்து பார்த்தால் ஆட்டோவின் கூரைதான் தெரிந்தது. அப்பாவும் தெரியவில்லை, மனைவியும் தெரியவில்லை. கண்ணாடி இறங்கியிருந்ததால் பேச்சு மட்டும் கேட்டது.

"பெரியவரே, பக்கத்துல பாருங்க, மாடி வீடு மாதிரி நிக்குது! யார் வண்டியோ?"

"எம்... எம் மகன்... வண்டி."

"அட! அப்ப அதுல ஜம்முனு போகாம என் ஆட்டோல ஏன் வரீங்க?"

பதில் வரவில்லை. ஆட்டோக்காரர் அவசரப்படவில்லை. இன்ஜினை அணைத்துவிட்டுச் சும்மா இருந்தார். சிக்னலில் இருபது, பத்தொன்பது என்று எண்கள் இறங்கிக்கொண்டிருந்தன. தன் அப்பா ஒரு வாக்கியத்தை முடிக்கும்வரை ஒரு ஆள் காத்திருப்பதை டாக்டர் எட்டு மாதத்தில் இன்றைக்குத்தான் கேட்கிறார்.

"அது... மலைக்குப் போற... வண்டி" என்றார் பெரியவர். குரலில் பெருமை இருந்தது. "ஆஸ்பத்திரிக்குப்... போக... அதைப் போய்... கேக்கலாமா? நாந்தான்... வேண்டாம்னுட்டேன்."

டாக்டரை வெட்கம் பிடுங்கித் தின்றது. கதவில் சாய்ந்து, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "அப்பா" என்று கூப்பிட்டார். அதற்குள் பச்சை விழுந்துவிட்டது. பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவில் இருந்த இடுக்கில் ஆட்டோ புகுந்து போய்விட்டது. அவ்வளவு பெரிய வண்டியை அந்த இடுக்கில் நுழைக்க முடியவில்லை.