கறுத்தால் கறுக்கட்டும்

எனக்குப் பார்வை முழுதாகப் போன மாதத்தில் தம்பி, எங்கள் வீட்டிலிருந்த கத்திகளையெல்லாம் ஒளித்து வைத்தான். ஒன்றை மட்டும் விட்டுவைத்தான். வெண்ணெயைக்கூடக் கெஞ்சிக் கெஞ்சி வெட்டுகிற மொண்ணைக் கத்தி. போன வாரம் அது தக்காளித் தோலில் வழுக்கி என் கட்டைவிரலில் ஏறியது. அதையும் எடுத்துக்கொண்டான். அன்றிலிருந்து நறுக்கிய காய்கள் பையில் வருகின்றன. எல்லாவற்றுக்கும் ஈர அட்டை வாசனை.

"மொண்ணையா இருந்ததாலதான்டா வெட்டுச்சு. அழுத்தினேன், வழுக்கிடுச்சு" என்று விடாமல் சொன்னேன்.

"சரி, கடைக்குக் கூட்டிட்டுப் போறேன். ஆனா நான் சொல்றதைத்தான் வாங்கணும்" என்றான்.

"வா, பாக்கலாம்."

கத்திக்கடையில் கரியும் எண்ணெயும் மணந்தன. கடைக்காரர் தம்பியிடம் கேட்டார்: "இவங்க பிடிச்சுப் பாப்பாங்களா?"

"இவங்க இங்கதான் நிக்கிறாங்க. இவங்ககிட்டயே கேளுங்க" என்றேன்.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கையில் வைத்தார். முதல் கத்திக்குப் பிடி கனம், நுனி மேலே தூக்கிக்கொண்டது. அடுத்தது என் பலகைக்கு நீளம். மூன்றாவதைப் பிடிக்கு முன்னால், அலகிலேயே இரண்டு விரலால் கிள்ளிப் பிடித்தேன். அசையாமல் நின்றது. முதுகு பிடியருகே தடித்து, நுனிக்குப் போகப்போக மெலிந்தது. அலகின் பக்கவாட்டில் சுத்தியல் பட்ட குழிகள். அலகு அகலமானதால் மடக்கிய விரல்முட்டியில் நன்றாகச் சாய்ந்தது. முட்டியை ஒட்டித்தான் வெட்டு விழும். இதில் பார்க்க என்ன இருக்கிறது?

"கார்பன் ஸ்டீல், கையால அடிச்சது. கூர் நிக்கும். ஆனா..." கடைக்காரரின் குரல் மறுபடி தம்பி பக்கம் திரும்பியது. "கொஞ்ச நாள்ல கறுத்துப்போகும் சார். பாக்க நல்லாருக்காது."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "யாரு பாக்க?"

"கறுப்பை விடுக்கா" என்றான் தம்பி. "ஈரம் பட்டா துரு பிடிக்கும். உனக்கு எப்படித் தெரியும்? இதோ, ஸ்டெயின்லெஸ் பளபளன்னு இருக்கு."

"துரு சொரசொரன்னு இருக்கும்டா, நாறும். வெட்டினதும் துடைச்சு எண்ணெய் தடவப் போறேன். நீ பளபளன்னு கழுவி வச்ச குக்கர்ல நேத்துச் சோத்தைக் கண்டுபிடிச்சது யாரு?"

கடைக்காரருக்குத் திடீரென்று இருமல் வந்தது.

"ஸ்டெயின்லெஸ்ஸையே கட்டுங்க" என்றான் தம்பி.

"கட்டுங்க. அது அவனுக்கு. இது எனக்கு." என் பையிலிருந்து பணத்தை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

வீடு வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. பலகையில் வெங்காயத்தை வைத்தேன். தம்பி விளக்கைப் போட்டுவிட்டுச் சமையலறை வாசற்படியில் நின்றான்.

"போடா."

"நான் வீட்ல இருக்கறப்ப மட்டும் வெட்டுக்கா. பக்கத்துல நிக்கிறேன், அவ்வளவுதான்."

சுவரைத் தடவி விளக்கை அணைத்தேன்.

"அக்கா! ஒண்ணுமே தெரியல!"

"எனக்குக் காவல் நிக்க வந்தியே, நில்லு."

வெங்காயத்தை இரண்டாகப் பிளந்தேன். கத்தி அழுத்தம் கேட்காமல் பலகைவரை இறங்கியது. முட்டி நகர, அலகு நகர, சீரான ஓசை. பின்னால் முக்காலி உருண்டது. "ஐயோ, முழங்கால்!" என்று நொண்டிக்கொண்டே அவன் கூடத்துக்குப் போனான்.

கொஞ்ச நேரம் கழித்து அங்கிருந்து குரல் வந்தது: "காரம் கம்மியா போடுக்கா."

பச்சைமிளகாயை எடுத்து, எனக்கு வேண்டிய அளவு நறுக்கினேன்.